கத்திரி வெயிலும் நாலு கிழட்டுக் கார்களும்: வேலூர் நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்தாச்சு. கத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மாருதி 800 ஆகிய நாலு வண்டிகளையும் அதற்குள் தயார் செய்யும் குறிப்பு இது. சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும், அடுத்தவர் வாசலில் நிற்பதைப் பார்த்து ஏங்குபவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வேலூரில் பழைய காரைத் தீர்த்துக்கட்டுவது ஓடிய கிலோமீட்டர் இல்லை, ரேடியேட்டரில் ஊற்றுகிற போர் தண்ணீர். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டர் குழாயிலும், என்ஜின் பிளாக்கின் உள்சுவரிலும் படிகிறது. சுண்ணாம்பு சூட்டைக் கடத்தாது. ரேடியேட்டரில் தண்ணீர் நிறைந்தே இருக்கும், ஆனாலும் வண்டி கொதிக்கும். காவிரிக் குழாய்த் தண்ணீர் எவ்வளவோ தேவலை. அதைவிட நல்லது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பிடித்து வைத்தாலும் சரி, அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது, மொத்த உப்பும் அதில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. கொல்கத்தா பக்கத்தில் உத்தரபாராவில் 2014 வரை செய்தார்கள். இன்றைய வேலை 1489 சிசி பெட்ரோல் என்ஜினின் தண்ணீர்ப் பாதை.

ரேடியேட்டர் அடிக்குழாயைத் திறந்து வடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிளாக்கின் பின்கோடியில் தனியாக ஒரு வடிகுழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. காலி என்று அர்த்தமில்லை, துரு கலந்த சேறு அடைத்திருக்கிறது. குழாயை முழுக்கக் கழற்றிவிட்டு, ஓட்டைக்குள் கெட்டியான கம்பியை விட்டுக் கிளற வேண்டும். முதலில் செங்கல் நிறத்தில் கூழ் மாதிரி வரும், பிறகு ஒரேயடியாகக் கொட்டும். இந்தச் சேறு நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் உட்காரும். ஃபேன், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் முன்னால், நாலாவது சிலிண்டர் கடைசியில். மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே பின்பக்கம் வெந்துகொண்டிருக்கும். ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) அங்கே போகிறதென்றால் காரணம் இந்தச் சேறுதான்.

சுண்ணாம்பைக் கரைக்க சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, போதும். வடித்த தண்ணீரை வாளியில் அளந்துகொண்டு, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றவும். தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றிவிட்டு 20 நிமிடம் என்ஜினை ஓட விட்டு, கொஞ்சம் ஆறியதும் வடிக்கவும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர், பிறகு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சமையல் சோடா, மறுபடி நல்ல தண்ணீர். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டால் பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் கசியத் தொடங்கும். இத்தனைக்கும் அசையாத அடைப்பு என்றால் மேல்தொட்டியை ஈயம் உருக்கி எடுத்து, குழாய் குழாயாகக் குத்திச் சுத்தம் செய்யும் ஆளிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை வெயில் ஊரில் தூக்கி எறிவது பழைய வழக்கம். தவறு. கழற்றிய தெர்மோஸ்டாட்டைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, வெப்பமானி வைத்துக் காய்ச்சவும். அதன் மேல் அடித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்கினால் திரும்பப் போடவும், இல்லையென்றால் புதிது. அது இல்லாத என்ஜின் காலையில் சூடேறாமலே ஓடி சிலிண்டரைத் தேய்க்கும்.

ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். கடைசியாக ஒரு சோதனை: மூடியைத் திறந்து வைத்துவிட்டு, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை ஏற்றவும். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அதே அம்பாசடர், டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவிலான இடைவெளி. அது 0.015 அங்குலம், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.38 மிமீ தகடு. எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ‘ஒன்பது’ என்றொரு கணக்கு உண்டு. முன்னாலிருந்து எண்ணி எட்டாவது வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்யலாம். ஆறு அமுங்கினால் மூன்று, நாலு அமுங்கினால் ஐந்து, ஏழு அமுங்கினால் இரண்டு. எந்த ஜோடியும் கூட்டினால் ஒன்பது. ஸ்பார்க் வரிசை 1-3-4-2 என்பதால்தான் இந்தக் கணக்கு பொருந்துகிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஃபேனைக் கையால் சுற்றியே வேலையை முடிக்கலாம்.

தகடு லேசாக உரசி வர வேண்டும். சத்தம் வரக் கூடாதென்று இறுக்கிவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல் கருகும். அம்பாசடரில் கொஞ்சம் டிக்டிக் இருப்பதே நல்லது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.025.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடக்கம். இன்றிலிருந்து 28-ஆம் தேதி வரை பத்மினிக்கும் அம்பாசடருக்கும் சோதனைக் காலம்.

பகல் 2 மணிக்கு கிரீன் சர்க்கிள் நெரிசலில் 15 நிமிடம் ஊர்ந்த வண்டி, பள்ளிகொண்டா டோல்கேட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது இருமி அணைகிறது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் இருக்கிறது, டேங்கில் பெட்ரோலும் இருக்கிறது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் என்ஜின் மேலேயே உட்கார்ந்து அதன் சூட்டை வாங்குகிறது. வண்டி ஓடும்போது குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் தாங்கும். நின்றதும் பம்புக்குள் தேங்கியது ஆவியாகிறது. பம்பால் திரவத்தை உறிஞ்ச முடியும், ஆவியை முடியாது. ஆவியடைப்பு என்பது இதுதான்.

உடனடி வைத்தியம் ஊருக்கே தெரியும்: ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு, பானட்டைத் திறந்து 10 நிமிடம் விடுவது. நிரந்தர வைத்தியத்தைத்தான் யாரும் செய்வதில்லை. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த ஃபைபர் துண்டு பல வண்டிகளில் இருப்பதே இல்லை. எப்போதோ உடைந்திருக்கும், மெல்லிய காகித கேஸ்கட் போட்டு முடித்திருப்பார்கள். அதைத் திரும்ப வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும். பெட்ரோல் பைப் எக்ஸாஸ்டுக்குக் கையகலம் தள்ளிப் போகிறதா என்று பார்த்து, பக்கத்தில் போகும் இடத்தில் கல்நார் இல்லாத சூட்டுறை போட்டால் மீதியும் போகும்.

பத்மினியைப் பற்றி ஒரு வார்த்தை. 1100 ஃபியட், 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். அம்பாசடர் மாட்டு வண்டி என்றால் இது சைக்கிள். ஓட்டுகிற சுகத்துக்கு இந்த நாலில் இதுதான் முதல். கியர் தண்டின் புஷ்கள் தேய்ந்தால் லீவர் தொங்கும், இரண்டு போட்டால் ரிவர்ஸைத் தேடும். கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் அந்தச் சின்ன புஷ்களை மாற்றிப் பார்க்கவும்.

மே 7, புதன்

பங்கில் வருவது இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்கு மூன்று பாதிப்பு.

ரப்பர்: பழைய ஹோஸும் பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வான டயஃப்ரமும் உப்பி, பிசுபிசுத்து, கிழியும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகரவும். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது எண்ணெய் மட்டம் ஊற்றாமலே ஏறியிருந்தால், டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள், அதாவது என்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள், இறங்குகிறது. அந்த எண்ணெயில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஹோஸ் வாங்கும்போது ஜே30 ஆர்9 என்று அச்சடித்ததைக் கேட்டு வாங்கவும்.

தண்ணீர்: எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கும்.

கலவை: சுத்தப் பெட்ரோல் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று தேவை. இந்த எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏறக்குறைய 13.5 போதும். ஆக, பழைய அளவில் விட்டால் பெட்ரோல் குறைவாகப் போய் என்ஜின் கூடுதலாகச் சுடும். எஸ்.யு. கார்புரேட்டர் போட்ட வண்டியில் அடியிலுள்ள ஆறுமுக ஜெட் நட்டை ஒரு முகம் இறக்கிவிட்டு, பிஸ்டனை ஊசி முனையளவு தூக்கிப் பார்க்கவும். என்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை அதிகம், அணையப் போனால் குறைவு, லேசாக ஏறித் திரும்பினால் சரி. சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டையே ஒரு நம்பர் பெரிதாக மாற்ற வேண்டும்.

மே 11, ஞாயிறு

ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த உருவம். 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தார்கள், நம் ஊர்க்காரன் என்றே சொல்லலாம். பானட், மட்கார்டு, லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும், என்ஜின் பக்கத்திலேயே டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். லாங் பஜாரில் இதைப்போல வளைகிற கார் பிறகு வரவில்லை.

இதன் எமன் முன்சக்கரத்தின் கீழ் மூட்டான ட்ரனியன். செங்குத்தான இரும்புத் தண்டின் மரையிட்ட நுனி, வெண்கல ட்ரனியனுக்குள் திருகு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுற்றுகிறது. இதற்குக் கிரீஸ் அடிப்பதுதான் நம் பட்டறைகள் செய்யும் பெருந்தவறு. கிரீஸ் இறுகி மரைக்குள் போகாமல் மேலே அடைத்துக்கொள்ளும். உள்ளே புகுந்த மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தண்டைத் துரு அரிக்கும். கடைசியில் மெதுவாக, முழுக்கத் திருப்பி பார்க் செய்யும்போது ‘டக்’கென்று ஒடிந்து சக்கரம் படுத்துவிடும்.

ஊற்ற வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். ட்ரனியனிலுள்ள சின்னத் திருகைக் கழற்றி நிப்பிள் போட்டு, இதற்கென்றே தனியாக வைத்த கன்னால், மேல் சீலில் எண்ணெய் கசியும் வரை அடிக்கவும். ஏற்கனவே கிரீஸ் கண்ட வண்டியென்றால் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். மரை தொடங்கும் இடத்தில் நகத்தால் தடவி, குழி தட்டுப்பட்டால் தண்டையே மாற்றவும். வலப்பக்கம் வலமரை, இடப்பக்கம் இடமரை. கலந்து போட முடியாது.

மே 18, ஞாயிறு

மாருதி 800. முதல் வண்டி 1983 டிசம்பர் 14-இல் கைமாறியது. கடைசி வண்டி 2014-இல், அம்பாசடர் நின்ற அதே வருடம். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஸ்பார்க் வரிசை 1-3-2.

காட்பாடி பாலத்து நெரிசலில் முள் ஏறி, பாலம் இறங்கி வேகம் எடுத்ததும் முள் இறங்கினால், ரேடியேட்டரைக் குறை சொல்ல வேண்டாம், மின்ஃபேன் சுற்றவில்லை. சாவியைப் போட்டுவிட்டு தெர்மோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றவும். ஒற்றைக் கம்பியென்றால் பாடியோடும், இரட்டையென்றால் ஒன்றோடொன்றும் இணைக்கவும். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போச்சு. சுற்றாவிட்டால் ஃப்யூஸ், பிறகு எர்த், பிறகு பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கம்பி கொடுத்துப் பார்க்கவும்.

இதன் ஹெட் அலுமினியம். போர் தண்ணீர் இதை அரிக்கும், எலுமிச்சை உப்பும் அரிக்கும். ஏப்ரல் 20 வைத்தியம் இதற்கு வேண்டாம். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்திருக்கும். நேர்விளிம்பு வைத்துப் பார்க்காமல் புதுக் கேஸ்கட் போட்டால் அந்தக் காசும் போகும்.

மே 25, ஞாயிறு

ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது என்ஜின் பாடு, இறங்குவது பிரேக் பாடு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் நாலு சக்கரத்திலும் டிரம்தான். மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் பாதி வழியிலேயே லைனிங் வாடை வரும். ஏறிய கியரிலேயே இறங்கவும், பெரும்பாலும் இரண்டாவது.

இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயிலில் சேர்ந்த தண்ணீர் சூட்டில் ஆவியாகியிருக்கலாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றினால் இந்தப் பயம் இல்லை.

அம்பாசடர் செய்த அதே கம்பெனியின் காண்டெசாவைப் பற்றியும் ஒரு வரி: அழகில் குறையில்லை. ஆனால் ஆரம்பத்தில் அத்தனை பெரிய உடம்புக்கு அம்பாசடரின் 1489 என்ஜினையே வைத்தார்கள். மலைக்கு வேண்டாம். பின்னால் வந்த இசுசு 1800 வேறு ஜாதி.

ஜூன் 1, ஞாயிறு

கத்திரி முடிந்து நாலு நாள். அம்பாசடர் வடிகுழாய் மறுபடி திறந்து பார்த்தது: தண்ணீர் நிறமில்லாமல் வருகிறது. பத்மினி பம்பில் ஃபைபர் துண்டு இருக்கிறது, ஈரத்துணி டிக்கியிலேயே கிடக்கிறது. மாருதி கூலண்ட் மட்டம் இறங்கவில்லை. ஹெரால்டு ட்ரனியனுக்கு அடுத்த எண்ணெய் அக்டோபர் தொடக்கத்தில், மழை பிடிக்கும் முன்.