அம்மம்மாவும் கீட்டனும்

வெள்ளவத்தையில் நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. வெளியே போகாமல் அம்மம்மாவோடு இருந்து முகத்தில் சிரிப்பே காட்டாத அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' பார்த்தேன். 1928இல் வந்த மௌனப் படம். அம்மம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. டிவி நாடகம் ஓடினால் "என்னவாம்? என்னவாம்?" என்று எங்களைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நேற்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

புயல் காட்சியில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகக் கீட்டன் மேல் சாய்கிறது. மாடி ஜன்னலின் இடைவெளி சரியாக அவர் நிற்கும் இடத்தில் விழுவதால் தப்புகிறார். கமெராத் தந்திரம் இல்லை, உண்மையிலேயே பாரமான சுவர். கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். அம்மம்மா "ஐயோ பிள்ளை!" என்று என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். ஏறத்தாழ நூறு வருடம் பழைய காட்சி!

அப்புறம், அதே காலத்து இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹரோல்ட் லொயிட். 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் (1923) உயரமான கட்டடத்தின் மணிக்கூட்டு முள்ளில் தொங்குகிறாரே, அவருக்கு வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. 1919இல் போலி என்று நினைத்துப் பிடித்த குண்டு வெடித்ததில் போனவை. கையுறையால் மறைத்துக்கொண்டுதான் நடித்தார்.

பார்க்க நினைப்பவர்கள் நல்ல, மீட்டெடுத்த பிரதியைத் தேடுங்கள். பல மௌனப் படங்கள் வினாடிக்கு 24 பிரேமுக்கும் (அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்) குறைவாக எடுக்கப்பட்டவை. அவற்றை 24இல் ஓட்டினால் எல்லோரும் குடுகுடுவென்று ஓடுவார்கள், நடிப்பின் நுணுக்கம் தெரியாது.

இன்று காலை தேத்தண்ணி கொடுக்கும்போது அம்மம்மா கேட்டார்: "அந்தச் சிரிக்காத பொடியன்ர வேற படம் இருக்கே?"