அஸ்கா மட்டும் நிறம் மாறவில்லை

நான் பி.காம். படித்தவள். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருஷம் உருப்போட்ட காஸ்ட் அக்கவுண்டன்சியில் பாதி மறந்துபோச்சு, ஆனால் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒப்புக்குப் போய் உட்கார்ந்த ஒரு பேப்பர் மட்டும் இன்னும் மண்டையில் இருக்கிறது. உணவும் உடல்நலமும் பற்றிய ஆரம்பப் பாடம். வேறு துறைப் பாடம் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும், 'நான்-மேஜர் (non-major) எலெக்டிவ்' என்பார்கள், நம்ம பக்கம் காலேஜில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் பேப்பர் நிரம்பிவிட்டதால் என்னை இதில் போட்டுவிட்டார்கள்.

முதல் ஒரு மாதம் கொட்டாவிதான். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஏ, டி, இ, கே. எழுது, மனப்பாடம் பண்ணு, அவ்வளவுதான். நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று மேடம் சொன்னபோது மட்டும் கடைசி பெஞ்சில் ஒருத்தி, "அதான் எங்காத்தா இன்னும் களை வெட்டப் போகுது" என்றாள், வகுப்பே சிரித்தது. இந்தக் கணக்கெல்லாம் ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கொடுப்பது. அது 1918-ல் குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய மெக்காரிசன் என்கிற வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்ததாம், 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனதாம். குன்னூருக்கு எத்தனை தடவை போயிருப்பேன், வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பியதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அப்புறம் ஒருநாள் மேடம் எங்களை லேபுக்குக் கூட்டிப் போனார். வீட்டிலிருந்து ஆளுக்கொரு இனிப்புப் பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எங்களுக்குக் கவுந்தப்பாடிப் பக்கம், கரும்புக்காடு, வீட்டில் சக்கரை என்றாலே நாட்டுச்சக்கரைதான், பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சக்கரை எங்க ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று பெருமை வேறு. வெள்ளைச் சக்கரைக்குப் பெயர் அஸ்கா, அது ஒறம்பரை வந்தால் டீ போட மட்டும். நான் ரெண்டையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். இன்னொருத்தி தேன் கொண்டுவந்தாள்.

டெஸ்ட் ட்யூபில், சக்கரையைக் கண்டுபிடிக்கப் பயன்படும் பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, மயில்கழுத்து நீலம், அதில் காப்பர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சக்கரைத் தண்ணீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கிற தண்ணீரில் நிற்க வைத்தோம். தேன் ட்யூப் சட்டென்று பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் அடியில் வண்டலாகப் படிந்தது. நாட்டுச்சக்கரையும் மெதுவாக ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. அஸ்கா மட்டும் நீலம். அஞ்சு நிமிஷம் ஆகியும் நீலம்தான்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும்? இத்தனை நாள் திட்டுவாங்கிய அஸ்காவில் சக்கரையே இல்லை, நம்ம நாட்டுச்சக்கரையில்தான் இருக்கிறது என்று. வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. இன்னொரு ட்யூபில் அஸ்காக் கரைசலை எடுத்து, நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டுக் கொதிக்க வைத்து, நுரை அடங்கும்வரை சோடா உப்புப் போட்டார், அதன்பிறகு பெனடிக்ட். இந்தத் தடவை செங்கல் சிவப்பு. அஸ்கா என்பது சுக்ரோஸ், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கையோடு கை கோத்துக்கொண்டு நிற்பது. பெனடிக்ட் கரைசலுக்குக் கை சும்மா இருக்கிற சக்கரைதான் தெரியும், கோத்த கை தெரியாது. அமிலம் அந்தப் பிடியை விடுவித்துவிட்டது. நம்ம சிறுகுடலில் அதே வேலையை ஒரு என்சைம் செய்கிறது, அமிலமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். நாட்டுச்சக்கரையிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், பாகு காயும்போது கொஞ்சம் பிரிந்துபோயிருக்கும், அந்தக் கொஞ்சம்தான் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. குடலைத் தாண்டிவிட்டால் எது அஸ்கா எது நாட்டுச்சக்கரை என்று ரத்தத்துக்குத் தெரியாது.

எங்க வீட்டில் இது சாதாரண விஷயமில்லை. அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, பன்னெண்டு வருஷமாகச் சக்கரை நோய், ஆனால் நாட்டுச்சக்கரை ஒன்றும் பண்ணாது என்று டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுத்தான் காபி குடிப்பார். டெஸ்டுக்குப் போகிற வாரம் மட்டும் சோளச்சோறு, கொள்ளு ரசம், பொழுதோடு வாய்க்கால் கரையில் நடை. வெறும் வயிற்று அளவு நன்றாகவே வரும். வந்த அன்றைக்கே ஒப்புட்டு, அதான் போளி.

அந்த வருஷம் டாக்டர் ஹெச்.பி.ஏ.1.சி. என்கிற ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லியிருந்தார். குளுக்கோஸின் அதே சும்மா இருக்கிற கை, ரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது, சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிடி விடுவதில்லை. அதனால் போன ரெண்டு மூன்று மாசம் என்ன சாப்பிட்டோம் என்பது அதில் தெரிந்துவிடும், ஒரு வாரச் சோளச்சோறு அதைப் பெரிதாக மாற்றாது. 6.5 சதவீதம் வந்தாலே சக்கரை நோய் என்பது கணக்கு. அப்பாருக்கு 8.6.

நான் லேப் கதையை முழுசாகச் சொன்னேன், ட்யூப், நீலம், அமிலம் எல்லாம். அப்பாரு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "இதுக்கா அம்மிணி காலேஜு? கரும்ப வெட்டி மூணு நாள் போட்டு வெச்சா சக்கரை கட்டாது, பாகு கொழகொழன்னு நிக்கும். அதுக்குத்தான் வெட்டுன சுருக்குல ஆட்டோணும், கொப்பரைல சுண்ணாம்பு போடோணும்" என்றார்.

அடுத்த வகுப்பில் மேடத்திடம் கேட்டேன். அதேதான். வெட்டிப் போட்ட கரும்பில் சுக்ரோஸ் தானாகவே பிரிய ஆரம்பித்துவிடும், பிரிந்த சக்கரை கட்டியாகாது, சாறின் புளிப்பு அதை இன்னும் பிரிக்கும், சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறிக்கிறது. லேபில் சோடா உப்பு செய்த வேலை. பரீட்சையில் சுக்ரோஸ் பற்றி அஞ்சு மார்க் கேள்வி வந்தது, நான் கரும்பு ஆட்டுகிற ஆலைக்கொட்டாயில் ஆரம்பித்து ரெண்டு பக்கம் எழுதினேன், மூணு மார்க்தான் போட்டிருந்தார்கள்.

அன்று பொழுதோடு அப்பாரிடம் போய் நீங்க சொன்னது சரிதானுங்க என்றேன். "பின்னே?" என்றார். சரி, இவ்வளவு தெரிஞ்சவருக்கு அந்த ரெண்டு ஸ்பூன் எங்க போகுதுன்னும் தெரியுமில்லீங்க என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து போய்விட்டார்.

இப்போது டம்ளருக்கு அரை ஸ்பூன். போன தடவை 7.4. பொங்கலன்று மட்டும் எத்தனை ஸ்பூன் என்று நான் கேட்பதில்லை.