தொட்டிலடிக் கோடுகள்

ஜூன் 9, சேரன்மகாதேவி

பாப்பா பிறந்து 23 நாள் ஆகிறது. இன்றுதான் மறுபடியும் கோடு போட்டேன்.

அதிகாலை மூன்று மணிக்கு மேல் இருக்கும். பால் குடித்தபடியே என் இடது கையில் தூங்கிப்போனாள். கீழே கிடத்தினால் விழித்துவிடுவாள் என்று சுவரில் சாய்ந்து அப்படியே இருந்தேன். வலது கை சும்மா இருந்தது. எட்டுகிற தூரத்தில் மருந்துச் சீட்டு வைத்த உறையும், அம்மா பால் கணக்கு எழுதும் பால்பாயின்ட் பேனாவும் கிடந்தன. உறையின் பின்பக்கத்தில் அவள் காதை வரைந்தேன். காது மட்டும்தான். மேல் விளிம்பு இன்னும் முழுதாக விரியவில்லை. வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த தடம்போல ஓரிடத்தில் சின்ன மடிப்பு. விளிம்பு நெடுகப் பூனைமயிர். அந்த மயிருக்கு வரும்போது அசைந்தாள், நிறுத்திவிட்டேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

ஆறு வருடமாக நாளுக்கு ஒரு பக்கம் என்று வரைந்து வந்தவள் நான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. காலை பஸ்ஸில், ஜங்ஷன் நடைமேடையில், மேலப்பாளையம் சந்தையில், எங்கே நின்றாலும் பையிலிருந்து நோட்டு வெளியே வந்துவிடும். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது நோட்டும் பென்சில் டப்பாவும் சூட்கேஸின் அடியில் போயின. அதற்கு மேல் என் சேலைகள், அதற்கும் மேல் பாப்பாவின் துணிகள். அந்த அடுக்கைக் கலைக்க 23 நாளாக எனக்கு நேரம் வாய்க்கவில்லை.

காது வரைந்த உறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 12

ஆச்சி பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, தூங்குகிற பிள்ளையை இப்படி வைத்த கண் வாங்காமல் பார்க்காதே. பெற்றவள் கண்தான் முதலில் படும்” என்றாள். பச்சை உடம்புக்காரி கண்ணை வருத்தக் கூடாது, வயதான பிறகுதான் அதன் அருமை தெரியும் என்று இன்னொன்றும் சொன்னாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஏழு பெற்று ஐந்தை வளர்த்தவள் அவள். மற்ற இரண்டு பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் வரைவது என்றால் உற்றுப் பார்ப்பதுதானே? கண்ணை எடுத்துக்கொண்டு எப்படி வரைவது?

மதியம் பாப்பாவை விட்டுவிட்டுத் தொட்டிலை வரைந்தேன். அம்மாவின் பழைய நூல் சேலை, உத்தரத்து வளையத்தில் கட்டியது. முடிச்சுக்குக் கீழே துணி நெருக்கமாகத் திரண்டு, தொட்டில் கம்பில் இரண்டாகப் பிரிந்து, கீழே வரவர மடிப்புகள் அகலமாகின்றன. கனம் எங்கே இருக்கிறதோ அங்கே மடிப்பே இல்லை. துணி வழவழவென்று இழுபட்டு நிற்கிறது. குதிகால் முட்டுகிற இடத்தில் மட்டும் ஒரு சின்னப் புடைப்பு. அவள் காலை நீட்டியதும் அந்தப் புடைப்பு ஒரு விரற்கடை நகர்ந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே அவளை வரைந்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது. ஆச்சியும் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 18

எது கைக்கு உதவுகிறது, எது உதவாது என்று இந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன். என்னைப் போல யாராவது இருந்தால் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

கூராகச் சீவிய பென்சில் வேண்டாம். மார்பில் பிள்ளை கிடக்கும்போது கை தவறினால் நினைக்கவே பயமாக இருக்கிறது. உலோக முனை நீட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச் பென்சிலும் வேண்டாம். கரித்துண்டையும், அது அழியாமல் இருக்க அடிக்கும் ஸ்ப்ரேயையும் இந்த அறைக்குள் விடுவதே இல்லை. அந்தத் தூளும் நெடியும் அவள் மூச்சுக்கு ஆகாது. மழுங்கிய 4பி பென்சிலை உட்காரும் நேரத்துக்கு வைத்திருக்கிறேன். மற்றபடி பால்பாயின்ட் பேனாதான். அதை லேசாகப் பிடித்து உரசினால் பென்சில்போலவே மெல்லிய சாம்பல் நிழல் வரும், அழுத்தினால் கருப்பு. அழிக்க முடியாது என்பது இப்போது எனக்கு வசதியாகவே இருக்கிறது. ரப்பரைத் தேட மூன்றாவது கை இல்லை.

உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை, நான் பால் கொடுக்க உட்காரும் ஜன்னலின் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். பேனாவும் அதே நூலில். இந்த ஒன்று செய்த பிறகுதான் தினமும் வரைய முடிகிறது. முன்பு எழுந்து போய் எடுக்க வேண்டும் என்ற எண்ணத்திலேயே பாதி ஆசை தீர்ந்துபோகும்.

ஜன்னலுக்கு வெளியே சாரல். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் தயாராவதைப் பற்றி அப்பா திண்ணையில் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 25

இந்த வாரம் சனிக்கிழமை வரை ஒரு கோடு இல்லை.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் அழத் தொடங்குகிறாள். ஒன்பதரை வரை நிற்பதில்லை. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, குரல் கம்மும்வரை அழுகிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, எடை நன்றாக ஏறுகிறது, இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும் என்றார். கேட்டபோது தெம்பாக இருந்தது. ஏழு மணிக்கு அந்தத் தெம்பு போய்விடுகிறது. கம்பியில் தொங்கும் நோட்டைப் பார்த்தாலே அழுகை வந்தது.

சனிக்கிழமை அவர் வந்தார். “பிள்ளையை நான் வைத்திருக்கிறேன், நீ வரை” என்றார். நோட்டை அவிழ்த்து மடியில் வைத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். விழித்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, தூக்கம்தான் அன்று தேவைப்பட்டது. முற்றத்தில் அவர் அவளைக் குப்புற முன்னங்கையில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கன்னம் அவர் முழங்கை மடிப்பில், கைகால் நான்கும் இரண்டு பக்கமும் தொங்கி ஆடின. அழுகை ஓய்ந்திருந்தது. ஏழு கோட்டில் முடித்தேன். அவர் நடந்துகொண்டே இருந்ததால் ஒவ்வொரு முறை என் பக்கம் திரும்பும்போதும் ஒரு கோடு.

ஜூலை 4

முகத்தை வரைகிறேன். ஆச்சி கோயிலுக்குப் போகும் நேரத்தில்.

நான்கு நாளாக வரைந்ததெல்லாம் குட்டிக் கிழவராகவே வந்தன. இன்று மழுங்கிய பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து பார்த்தபோதுதான் பிழை விளங்கியது. பெரியவர்களுக்கு உடல் ஏழரைத் தலை உயரம், கண்கள் தலையின் சரிபாதியில் என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுப் போட்டுக் கை அதற்கே பழகிவிட்டது. பிறந்த குழந்தைக்கு உடல் நீளத்தில் கால் பங்கு தலை. கண்கள் பாதிக்குக் கீழே. அதற்கு மேலே இருப்பதெல்லாம் நெற்றி, நெற்றி, நெற்றி. மூக்கும் வாயும் தாடையும் கீழே ஒரு சின்ன இடத்துக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. கண்ணை ஒரு நெல்லளவு கீழே இறக்கினேன். அவள் வந்துவிட்டாள்.

உச்சிக்குழியைத்தான் வரைய முடியவில்லை. மண்டை ஓட்டின் எலும்புகள் இன்னும் கூடாத இடம். வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால், மெல்லிய தோலுக்குக் கீழே துடிப்பு தெரிகிறது. எழுந்து தாழ்கிறது, எழுந்து தாழ்கிறது. பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12

இன்று ஆச்சியிடம் ஒன்று கேட்டேன். “கோலம் போடாத நாள் உண்டா ஆச்சி? ஏழு பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிப் போட்டாய்?”

“தீட்டு, துக்கம் தவிர விட்டதில்லை. கைப்பிள்ளை இருக்கிற நாளில் யார் இருபது புள்ளி வைப்பார்கள்? இடுப்பில் பிள்ளையோடு குனிந்து மூன்று இழுப்பு இழுத்து ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான். மார்கழியில் எல்லாருக்குமாகச் சேர்த்துப் போட்டுக்கொள்வேன்.”

வெற்றிலையை மடித்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மனது நிறைந்துபோனது. ஆறு வருட நோட்டுகளையும் என் பால்பாயின்ட் கிறுக்கல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பட்ட வேதனையை அவளிடம் சொன்னதே இல்லை.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில்தான் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. கருப்பும் வெள்ளையுமாக அழுத்தமான உருவங்கள்தான் முதலில் கண்ணை இழுக்கும். இதைச் சொல்லி, வெள்ளை அட்டையும் பட்டைத் தூரிகையும் கருப்பு மையும் ஆச்சி முன்னால் வைத்தேன். தூரிகை பிடித்துப் பழக்கமில்லை என்று தயங்கினாள். பிறகு ஐந்து புள்ளி வைத்து, சுற்றிச் சுழித்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்தாள். கை நடுங்கவே இல்லை. அட்டையைத் தொட்டில் அருகே பிடித்தாள். பாப்பா கைகால் அசைப்பதை நிறுத்திவிட்டு அந்தச் சுழிகளையே பார்த்தாள்.

“பார்க்கிறாள் ஏட்டி, பார்க்கிறாள்” என்று ஆச்சி அம்மாவை அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

ஜூலை 21

முதல் வெளியூர்ப் பயணம். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலுக்குக் காரில் போய் வந்தோம்.

கல்லூரி நாளில் ஆசிரியருடன் இந்தக் கோபுரத்துக்குள் ஏறியிருக்கிறேன். ஐந்து நிலையிலும் சுவர் ஓவியம், தூண்களிலும் உத்தரங்களிலும் மரச்சிற்பம். கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சி ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த முறை ஏறக் கேட்கவே இல்லை. சன்னிதியில் நின்றேன். ஆற்றின் அக்கரையிலிருந்து கருவூர்ச் சித்தர் கூப்பிட்ட குரலைக் கேட்க இறைவன் தலை சாய்த்ததால்தான் இங்கே லிங்கம் சாய்ந்திருக்கிறது என்பது தலக்கதை. எத்தனையோ முறை கேட்டதுதான். இரண்டு மாதமாக எந்த அறையில் இருந்தாலும் தொட்டில் பக்கமே காதைச் சாய்த்து வைத்திருக்கிறவளுக்கு இன்று தொண்டை அடைத்தது.

தாமிரபரணிப் படித்துறையில் அவர் பாப்பாவைத் தோளில் போட்டு நின்றார். பத்து நிமிடம் முழுதாக வரைந்தேன். தண்ணீரை வரையவில்லை, அவள் பின்னங்கழுத்தின் மடிப்பே போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 3

அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்குத் திரும்புகிறோம். சூட்கேஸை அடுக்கும்போது அம்மா இந்த முறை நோட்டுகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

ஆச்சி அருகில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். மருந்து உறையின் காது, தொட்டில், முற்றத்தில் தொங்கும் கைகால்கள். தூங்கும் முகத்தை வரைந்த பக்கம் வந்ததும் நின்றாள். கோயிலுக்குப் போன நேரத்தில் வரைந்தது என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று இருந்தேன். எழுந்து போய் மைச்சிமிழை எடுத்து வந்தாள். விளக்குக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அவளே செய்த மை. விரல்நுனியில் தொட்டு, பாப்பாவுக்கு வைப்பதுபோலவே, படத்தின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

“இனி எவ்வளவு வேண்டுமானாலும் பார்” என்றாள்.

எண்ணெய் ஊறி, பொட்டைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் படர்ந்தது. பக்கத்தைத் திருப்பினேன். பின்னாலும் தெரிந்தது. தொட்டிலில் அவள் முகத்தை என் பக்கம் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கறையிலிருந்தே கன்னத்தைத் தொடங்கினேன்.