லாடம் இல்லாமல் ஐந்து மாதம்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணிக்கு 144 தடை அமலுக்கு வருகிறது என்று மதியமே எல்லோருக்கும் தெரியும். நாலரை மணிக்கு நான் சேலம் கன்னங்குறிச்சி தாண்டி, ஏற்காடு மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் என் குதிரை மல்லிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். என் வீடு செவ்வாய்ப்பேட்டையில். நடுவில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். நாளைக்கு இந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் மனதில் ஓடியது.

மல்லியைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் சேர்வராயன் மலைக்காரர். சனிக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மேலே போனவர், மறுநாள் மக்கள் ஊரடங்கு, அப்புறம் இது என்று அங்கேயே மாட்டிக்கொண்டார். போனில், "தம்பி, பஸ் ஒண்ணும் இல்லீங்க. கீழ இறங்கவும் விடமாட்டேங்கறாங்க. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். குரலில் அத்தனை சங்கடம். மூன்று வருடமாக அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய மனிதர் அவர்.

எனக்குத் தொழில் கொலுசுப் பட்டறை. சின்ன வயதிலிருந்தே குதிரை மேல் ஆசை. 2017 ஆடியில் அந்தியூர் சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போனவன், ஒரு செவலைப் பெட்டையோடு திரும்பி வந்தேன். நெற்றியில் மல்லிகை மொட்டு மாதிரி ஒரு வெள்ளை. ஊரடங்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. வண்டி என்றால் மூடிப்போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம். குதிரையை அப்படி விட முடியாது. அதன் உடம்புக்கு இரைப்பை மிகச் சின்னது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டே இருக்க வேண்டும், கால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கால் நின்றால் குடலும் மந்தமாகிவிடும். இதையெல்லாம் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஐந்து மாதத்தில்தான் கண்ணால் பார்த்தேன்.

முதல் இரண்டு நாள் எப்படியோ போய் வந்தேன். மூன்றாம் நாள் வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். "குதிரையா? வேற காரணம் சொல்லுய்யா" என்றார் நின்றிருந்தவர். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எத்தனை பேர் எத்தனை காரணம் சொன்னார்களோ. ஆனால் அந்த மதியம் தோப்புக்கார அக்காதான் மல்லிக்குப் புல் போட்டார். அவருக்கு மாடு பழக்கம், குதிரை என்றால் பயம். வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொரு கட்டாக வீசியிருக்கிறார்.

கால்நடைத் தீவனமும் கால்நடை மருத்துவமும் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தன என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. மல்லிக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு கடிதம் வாங்கினேன். விலங்கு எங்கே இருக்கிறது, தினம் எத்தனை வேளை தீவனமும் தண்ணீரும் வேண்டும், பராமரிப்பவர் யார், வண்டி எண் என்ன என்று நாலே வரி. அதோடு மல்லி பக்கத்தில் நான் நிற்கும் போட்டோ ஒன்று. இந்த இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். போகிற நேரத்தையும் மாற்றவில்லை. காலை நாலே முக்கால், மாலை ஐந்து. ஒரு வாரத்தில் அதே காவலர்களுக்கு முகம் பழகி, "குதிரை நல்லா இருக்கா?" என்று கேட்டு விட்டுவிட ஆரம்பித்தார்கள். வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால் திரும்பியதும் பின்கட்டுக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன்.

டாக்டரம்மா முதல் நாளே போனில் கேட்டது தீவனத்தைப் பற்றித்தான். "ஓட்டம் இல்லேன்னா கொள்ளு எதுக்கு? பாதிக்கும் கீழ குறைங்க" என்றார். வேலை செய்கிற குதிரைக்குக் கொடுக்கும் அதே தானியத்தை நிற்கிற குதிரைக்குக் கொடுத்து, பிறகு ஒருநாள் திடீரென்று ஓட்டினால் பின்தொடைச் சதை கல்லாக இறுகிவிடும். அந்தக் காலத்தில் வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கள் காலையில் வரும் நோய் இது. கொழுத்த குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் வரும் ஆபத்தும் உண்டு. மல்லிக்கு ஒன்றரைக் கிலோ கொள்ளு கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் வெட்டாமல் ஒரு வாரத்தில் அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தேன். மாற்றம் எதுவானாலும் மெதுவாகத்தான் செய்ய வேண்டும், குறைப்பதும்கூட. 2021 மே மாதம் மறுபடி எல்லாம் அடைத்தபோது அறிவிப்பு வந்த அன்று மாலையே கொள்ளுப் படியைச் சின்னதாக்கிவிட்டேன்.

எடை பார்க்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். தையல் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்புட்டத்து முனை வரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் உத்தேச எடை வரும். மல்லிக்குச் சுற்று 166 சென்டிமீட்டர், நீளம் 146. கிட்டத்தட்ட 339 கிலோ. ஒவ்வொரு ஞாயிறும் அளந்து பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். வெள்ளி வரவு இல்லாத நோட்டில் அது ஒன்றுதான் வரவு.

தவிடு செவ்வாய்ப்பேட்டையிலேயே கிடைத்தது, மதியம் ஒரு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். புல்தான் சிரமம். வழக்கமாக அறுத்துத் தருபவர் வரவில்லை. அக்கா தன் மாட்டுக்குப் போட்டிருந்த கோ-4 தீவனப்புல்லில் தினம் இரண்டு கட்டு கொடுத்தார், காசு வாங்கவில்லை. கோ-4 மாட்டுக்கு நல்லது. ஆனால் அந்த வகைப் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் தின்றால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சேரவிடாது, எலும்பு கெடும். அதனால் குதிரைமசால் தேடினோம். கிடைக்கவில்லை. வேலிமசால் கிடைத்தது, கலந்து போட்டோம்.

அடுத்தது லாடம். மல்லிக்கு முன்னங்கால் இரண்டிலும் லாடம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். எங்கள் லாடக்காரர் பவானி பக்கம். மாவட்டம் தாண்ட முடியாது. ஏப்ரல் நடுவில் பார்த்தால் குளம்பு லாடத்தை மீறி வளர்ந்து, இடது லாடம் ஒரு பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது. ஆடுகிற லாடத்தை அவள் தானே மிதித்துப் பிய்த்தால் குளம்புச் சுவரும் சேர்ந்து போகும். வீடியோவில் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, உங்க கையில அரம் நிக்குமில்ல? கழட்டிருங்க. நான் சொல்றேன்" என்றார்.

இருபது வருடம் அரம் பிடித்த கை இது. இருந்தாலும் அன்று நடுங்கியது. அக்காவின் மகன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான், போனை ஒரு தென்னை மட்டையில் சாய்த்து வைத்தோம். மல்லியின் காலை என் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். குளம்பின் வெளிப்பக்கம் மடங்கியிருக்கும் ஆணி முனைகளை முதலில் தேய்த்து நிமிர்த்த வேண்டும். ஒரு லாடத்துக்கு ஆறு ஆணி. அப்புறம் குறடை குதிப்பக்கம் லாடத்துக்கு அடியில் கொடுத்து, வெளியே நெம்பாமல் குளம்பின் நடுவை நோக்கி அழுத்த வேண்டும். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், மறுபடி இந்தப் பக்கம். லாடம் 'டப்' என்று கழன்று விழுந்தபோது மல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். என் கழுத்துப் பின்னால் சூடாகக் காற்று பட்டது.

கூர்மையாக நிற்கும் ஓரத்தை மட்டும் உருட்டினால் போதும் என்றார். அடிப்பாதத்தையும், நடுவில் ரப்பர் போல இருக்கும் முக்கோணத்தையும் தொடவே கூடாது. "வெள்ளி மாதிரி நினைச்சுக்குங்க, எடுத்துட்டா திரும்ப ஒட்டாது." குளம்புத் தூள் என் வேட்டி முழுக்க. கருகின நகம் மாதிரி ஒரு வாசனை. பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தைத் தேய்த்தேன். வேறு வழியே இல்லாமல், தெரிந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்த வேலை இது. ஆள் வரமுடிகிற காலத்தில் யாரும் தானாகச் செய்ய வேண்டாம்.

ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலத்தில் முழு ஊரடங்கு என்றார்கள். கடிதத்தை நம்பாமல், மூன்று நாளுக்கு அரிசி, பருப்பு, பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு தோப்பிலேயே தங்கிவிட்டேன். பச்சைப்புல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயந்து சோளத்தட்டு நிறைய வாங்கி அடுக்கினேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஞாயிறு முழுக்கத் தட்டுதான் அதிகம் தின்றாள். சிமெண்டுத் தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்துக் கிடந்தது, அவள் சரியாகக் குடிக்கவில்லை. திங்கள் காலை லத்தி சின்னச் சின்ன உருண்டையாக, காய்ந்து இருந்தது. பார்த்தேன். பார்த்தும் அதை வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

அன்று இரவு பதினொன்றரை. மண்ணைக் காலால் பறிக்கும் சத்தம். டார்ச் அடித்தால் மல்லி தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், மேலுதட்டைச் சுருட்டுகிறாள். படுத்தாள், உடனே எழுந்தாள். வயிற்றுவலி. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, உள்ளே அடைத்தால் உயிர் போகும்.

டாக்டரம்மா மூன்றாவது மணியில் போனை எடுத்தார். தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்க்கச் சொன்னார். பதினைந்து நொடியில் 13. நிமிடத்துக்கு 52. நின்றிருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். ஈறு ரோஸ் நிறமா? ஆமாம். அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா? திரும்புகிறது. விலாவில் காது வைத்துக் கேட்டேன். வலப்பக்கம் தூரத்தில் இடி மாதிரி ஒரு முனகல், இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. "தீவனத்தை எல்லாம் எடுத்துடுங்க. மெதுவா நடக்க வைங்க. புரளாம சும்மா படுத்தா விட்டுடுங்க. நாடி 60 தாண்டினா நான் எப்படியாவது வந்துடறேன்."

அக்கா ஓமமும் பெருங்காயமும் கரைத்த வெந்நீரோடு, மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். டாக்டரம்மா ஸ்பீக்கரிலேயே தடுத்துவிட்டார். குதிரை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடலாம், வயிற்றுவலியைவிட அது மோசம். அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு, மல்லி பேரில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தார்.

நடந்தோம். தோப்பைச் சுற்றி ஒரு சுற்று 210 அடி. கால் மணிக்கு ஒருதரம் நின்று நாடி. 52, 52, 56. அந்த 56-இல் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மேலே மலையில் ஒரு விளக்குகூட நகரவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் இருட்டாகக் கிடந்தன. சாதாரண நாளில் எந்நேரமும் ஒரு வண்டி வெளிச்சமாவது ஏறிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அவள் குளம்புச் சத்தம் மட்டும், லாடம் இல்லாததால் அதுவும் பொத் பொத்தென்று. 48. அப்புறம் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாலைத் தூக்கினாள். ஐந்தாறு உருண்டை லத்தி. கையில் எடுத்துப் பார்த்தேன், தட்டு நார் மெல்லாமல் அப்படியே இருந்தது. அக்கா சாமி கும்பிட்டார். நான் மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

விடிந்ததும் டாக்டரம்மா வந்து, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டு லிக்விட் பாரஃபின் கொடுத்தார். அன்றிலிருந்து தொட்டியை விட்டுவிட்டு நிழலில் வாளி வைத்தேன். பதினைந்து லிட்டர் வாளி, எத்தனை காலியாகிறது என்று எண்ணுவேன். ஒரு நாளைக்கு இரண்டுக்குக் கீழே போனால் தவிட்டில் தண்ணீர் நிறைய விட்டு, கொஞ்சம் உப்புப் போட்டுக் கரைத்து வைப்பேன்.

சவாரி மட்டும் செய்யவே இல்லை. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கொரோனா வார்டு நடந்துகொண்டிருந்த நேரத்தில், கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நடந்தேன். அக்னி நட்சத்திரத்தில் காலை ஐந்து மணிக்கு முக்கால் மணி, பொழுது சாய்ந்தபின் முக்கால் மணி. நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிடுவது வாரத்துக்கு இரண்டு நாள், பத்தே நிமிடம், இரண்டு பக்கமும் சமமாக. வட்டம் மூட்டுக்குப் பாரம், அதைத் தினப்படி வேலையாக்கக் கூடாது. சலிப்புக்கு, கீழே கிடந்த தென்னை மரத்தைத் தாண்டவைப்பேன், பின்னால் நடக்கப் பழக்குவேன். மே கடைசியில் நான் நின்றால் நிற்பாள், திரும்பினால் திரும்புவாள். கயிறு தொய்வாகவே கிடக்கும். மூன்று வருடம் ஏறி உட்கார்ந்தவனுக்கு, அவள் இடப்பக்கக் காது எதற்கு மடங்கும், எதற்கு நிமிரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூனில் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தார், ஒரு பையில் பலாச்சுளையோடு. மல்லி கனைத்துக்கொண்டு வேலி வரை ஓடினாள். அவர் வந்த பிறகு சேணம் மட்டும் வைத்து இரண்டு வாரம் நடை, பிறகு ஏறி நடை, பிறகுதான் மெதுவான ஓட்டம். ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆடியில் அந்தியூர் சந்தை கூடவில்லை.

செப்டம்பரில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டாம் என்றானதும் லாடக்காரர் பைக்கில் வந்தார். ஒன்றும் பேசாமல் மல்லியின் காலைத் தூக்கி, கட்டை விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினார். இறக்கினார். மறு காலைத் தூக்கினார்.

"வலது கால்ல வெளிப்பக்கம் ஒரு நூல் அதிகமா எடுத்திருக்கீங்கண்ணா" என்றார். தன் அரத்தை எடுத்து உள்பக்கத்தை நாலு இழுப்பு இழுத்துச் சமன் செய்தார். பையிலிருந்து எடுத்து வைத்திருந்த இரண்டு லாடத்தையும் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.