பாதி கொடுங்க, பாதி வச்சுக்கோங்க

பங்குத் தரகு அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். வாடிக்கையாளர் குழம்பி நிற்கும்போது, நாமும் குழம்பியிருக்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமல் தப்பிக்க இதைவிட நல்ல பதில் இல்லை. 2007-இல் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரிடம் நான் சொன்னதும் இதுதான். சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை.

அவர் வைத்திருந்தது குறைந்த கட்டண விமான நிறுவனமான ஏர் டெக்கானின் பங்கு. வாழ்க்கையில் முதல்முறை விமானம் ஏறியது அதில்தான் என்பதற்காகவே 2006-இல் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவர். வெளியீட்டு விலை 148 ரூபாய். பங்குச் சந்தையில் பட்டியலான அன்றைக்கே விலை சரிந்தது. மறு வருஷம், கிங்ஃபிஷர் விமானங்களை நடத்திய விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் பங்கு ஒன்றுக்கு 155 ரூபாய் கொடுத்து 26 சதவீதத்தை வாங்கியது. அந்த அளவு வாங்கினால் பொதுமக்களிடமிருந்தும் 20 சதவீதம் வாங்க முன்வர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் அன்றைய விதி. ஆக, நஷ்டத்தில் கிடந்த பங்குக்கு 155 தருகிறோம் என்று ஓபன் ஆஃபர் கடிதம் வீட்டுக்கே வந்துவிட்டது.

படிவத்தையும், பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டிமேட் கணக்கின் ஸ்லிப்பையும் என் மேஜையில் வைத்தார். பெயர், கணக்கு எண், பங்கின் எண் எல்லாம் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அழகாக நிரப்பியிருந்தார். எத்தனை பங்கு என்ற கட்டம் மட்டும் காலி.

"தம்பி, ரெண்டுமே நஷ்டத்துல ஓடற கம்பெனிங்க. சேர்த்தா எப்படீங்க லாபம் வரும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எரிபொருளைச் சேர்ந்து வாங்கலாம், தரைப்பணிக்கும் பராமரிப்புக்கும் ஒரே ஆட்கள் போதும், போட்டி குறைந்தால் டிக்கெட் விலையை ஏற்றலாம். உள்நாட்டில் ஐந்து வருஷம் பறந்தால்தான் அப்போது வெளிநாட்டுக்குப் பறக்க அனுமதி. கிங்ஃபிஷர் 2005-இல் வந்தது, டெக்கான் 2003-லேயே வந்துவிட்டது, டெக்கானோடு சேர்ந்தால் மிச்சமாகும் அந்த இரண்டு வருஷத்துக்கும் ஒரு விலை உண்டு. எதுவும் பொய்யில்லை.

"அதெல்லாம் கம்பெனிக்குங்க தம்பி. எனக்கு?"

"பாதி கொடுங்க சார், பாதி வச்சுக்கோங்க."

கணக்கு வாத்தியார், மனசிலேயே இரண்டால் வகுத்துக் கட்டத்தில் எழுதினார்.

அந்த டிசம்பரில் சந்தை வெறிபிடித்து ஏறியது. டெக்கான் பங்கும் 155-ஐ வெகுதூரம் தாண்டிப் போனது. கொடுத்த பாதிக்காகத் தொலைபேசியில் திட்டு வாங்கினேன். வச்ச பாதி ஏறுகிறதே என்று சமாதானம் சொன்னேன். விற்றுவிடலாமா என்று அவர் கேட்கவில்லை, விற்றுவிடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஏறுகிற பங்கை யார் விற்கச் சொல்வார்கள்?

அப்புறம் 2008. கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட வருஷம். கிங்ஃபிஷர், பட்டியலில் இருந்த டெக்கானுக்குள் இணைந்தது. பிறகு டெக்கானின் பெயர் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஆனது. செப்டம்பரில் பெங்களூருவிலிருந்து லண்டனுக்கு விமானமும் பறந்தது. நான் சொன்ன ஐந்து வருஷக் கணக்கு அப்படியே பலித்தது. வாத்தியாருக்கு அதில் என்ன கிடைத்தது? டிமேட்டில் கைபடாமல் இருந்த பாதி, குறைந்த கட்டண விமானத்தின் பங்கிலிருந்து ஆடம்பர விமானத்தின் பங்காக மாறியிருந்தது, அதன் கடனும் நஷ்டமும் உட்பட. ஓபன் ஆஃபரில் கடிதம் போட்டு விலை சொல்லிக் கேட்டார்கள். இணைப்பில் சின்ன பங்குதாரருக்கு ஓட்டு உண்டு. ஆனால் வேண்டாம் என்றால் இந்த விலை தருகிறோம் என்று சொல்ல யாரும் இல்லை. இந்த வித்தியாசத்தை அன்று அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் காலிக் கட்டத்தில் வேறு எண் விழுந்திருக்கலாம். விழாமலும் போயிருக்கலாம். பாதி என்ற சொல் வந்தபின் யாரும் முழுக்கதையைக் கேட்பதில்லை.

என் பக்கத்துக்கும் நியாயம் தேடி வைத்திருக்கிறேன். 2011-இல் வங்கிகள் தங்கள் கடனில் ஒரு பகுதியை இதே பங்காக மாற்றிக்கொண்டபோது கொடுத்த விலை 64 ரூபாய் 48 காசு. சந்தையில் அப்போது 40 ரூபாய்க்குக் கிடைத்த பங்கு. ஸ்டேட் வங்கிக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வங்கிகளின் பணம் ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தது. வாத்தியாருக்கு வெளியே வரும் வாசல் திறந்திருந்தது, படிவம் அவர் கையில் இருந்தது. இரண்டும் ஒன்றாகுமா?

அதே 2007-இல் ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடிக்கு சஹாராவை வாங்கியது. இன்று ஜெட்டும் இல்லை. விமான இணைப்பு என்றாலே ஓடிவிடுங்கள் என்று இப்போது புதியவர்களிடம் சொல்கிறேன். அதுவும் யோசிக்காமல் சொல்லும் பதில்தான், பாதி மாதிரியே. 2024-இல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது ஒருவர் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டார். இரண்டுமே பட்டியலில் இல்லை. நிம்மதியாக இருந்தது.

2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பது நின்றது. 2018-இல் தேசியப் பங்குச் சந்தையும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குப் பிறகு ஒருநாள் வாத்தியார் டிமேட் அறிக்கையோடு வந்தார். அந்த நஷ்டத்தை வருமான வரியில் கழிக்க முடியுமா என்று கேட்டார். விற்றால்தான் நஷ்டக் கணக்கு என்றேன். அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு முழுசாக் கொடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா அந்த டிசம்பர்ல இன்னும் ரெண்டு மடங்கு திட்டியிருப்பீங்க சார்."

"திட்டியிருப்பேன். திட்டு வாங்கத்தானே தம்பி உங்களுக்குப் புரோக்கரேஜ் கொடுக்கறது?"

ஓபன் ஆஃபர் அப்போது சந்தைக்கு வெளியே நடப்பது. அதில் எங்களுக்குப் புரோக்கரேஜே, அதாவது தரகுக் கூலியே, கிடையாது. அவர் கொடுத்த பாதியில் எங்களுக்கு வந்தது ஒன்றுமில்லை, வச்ச பாதியை என்றாவது விற்றால் வந்திருக்கும். அந்தக் கணக்கு அன்று என் மனதில் ஓடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.