டி.பி. வந்தபோது வேலையைக் காப்பாற்றிக்கொண்ட கதை

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் எனக்கு ஆறு வருட சர்வீஸ். 2022 பிப்ரவரியில் இருமல் பிடித்தது. ஷூ ஒட்டுகிற சொலூஷன் வாடையில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருமல் புதிதில்லை. நானும் அப்படி நினைத்துத்தான் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி தலையணை நனைகிற அளவுக்கு வேர்வை. மூன்று வாரத்தில் ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்துப் போனது. "இன்னாடி இது, எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்று அம்மாதான் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு இழுத்துப் போனார்.

சளியைப் பரிசோதித்து நுரையீரல் டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, எல்லாம் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு அப்போது மாதம் 500 ரூபாய்; அது பேங்க் கணக்கில் வரும் என்றும் சொன்னார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்று நர்ஸ் அக்கா முன்னாலேயே சொல்லி அனுப்பினார். ஒழுங்காக மாத்திரை போட்டால் இரண்டு வாரத்திலேயே அடுத்தவருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ரிப்போர்ட்டோடு கம்பெனிக்குப் போனேன். லீவு கேட்கத்தான் போனேன். மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. "ஏம்மா, இது ஒட்டுற வியாதி. தெரிஞ்சா லைன்ல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. ரிசைன் பண்ணிட்டுப் போ, குணமானதும் வா, பார்க்கலாம்" என்றார். மேசைமேல் தாள் தயாராக இருந்தது. என் பெயர், டோக்கன் நம்பர், "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரி, கீழே கையெழுத்துக்கு இடம். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். எனக்குக் கை நடுங்கியது. "வீட்ல கேட்டுட்டு சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு என் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்ததோ, இன்றுவரை அதற்கு நன்றி சொல்கிறேன்.

எங்கள் தெருவில் தொழிற்சங்கத்தில் இருக்கிற அண்ணன் ஒருவர் உண்டு. அவர் முதலில் கேட்டதே, "கையெழுத்துப் போட்டியாம்மா?" என்றுதான். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு அப்போதிருந்த 1948-ஆம் வருடச் சட்டத்தில் 73-வது பிரிவு இருந்தது. டாக்டர் சான்றிதழோடு நோய்க்காக லீவில் இருக்கிறவரை வேலையை விட்டு நீக்க முடியாது, அந்தச் சமயத்தில் கொடுக்கிற நோட்டீசும் செல்லாது என்றார். "ஆனா நீயே எழுதிக் கொடுத்துட்டா சட்டம் என்ன பண்ணும்?"

இ.எஸ்.ஐ.க்காகச் சம்பளத்தில் மாதாமாதம் 83 ரூபாய் பிடிப்பார்கள். 11,000 சம்பளத்துக்கு 0.75 சதவீதம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டும். அந்தப் பிடித்தம் எதற்கு என்று ஆறு வருடமாக நான் யோசித்ததே இல்லை. வேலூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ரிப்போர்ட்டைக் காட்டி, அங்கேயிருந்தே லீவு சான்றிதழ் வாங்கினேன். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. அப்புறம் ஞாயிறு உட்பட ஒவ்வொரு நாளுக்கும் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை.

கம்பெனி ஆபீஸ் கிளார்க் அதிலும் ஒரு கல்லைப் போட்டார். "லாக்டவுன்ல நீ வேலையே பார்க்கல, உனக்கு நாள் தேறாது" என்றார். 2022 மார்ச்சில் படுத்தால் கணக்குப் பார்ப்பது 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அதில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். அரிசி டப்பாவுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த சம்பளச் சீட்டுகளைத் தரையில் பரப்பினேன். ஏப்ரலில் 24 நாள், மேயில் 7, ஜூனில் 9, ஜூலையில் 26, ஆகஸ்டில் 24, செப்டம்பரில் 25. என் பையன் கூட்டிப் பார்த்து 115 என்றான். இன்னொரு முறை கூட்டச் சொன்னேன். அதே 115. பழைய சீட்டு எதற்கு என்று யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த முட்டுக்கட்டை, நான் லீவு நாட்களில் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி உறுதி செய்து அனுப்ப வேண்டிய படிவம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து போன அந்தத் தாளை மூன்று வாரம் அசையாமல் வைத்திருந்தார்கள். போன் செய்தால் "சார் மீட்டிங்ல இருக்காரு". வீட்டில் அடகு வைக்க என் கம்மல் ஒன்றுதான் மிச்சம், அதுவும் போனது. அண்ணன் சொன்னபடி லீவு சான்றிதழ் நகலோடு, நோய் விவரத்தையும் தேதிகளையும் எழுதி, படிவத்தை அனுப்பும்படி கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகலைக் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். கம்பெனி முத்திரையோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்த ஐந்தாம் நாள், படிவமும் போய்விட்டது. அடுத்த வாரமே பேங்க்கிலிருந்து மெசேஜ் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

91 நாள் முடிந்தும் உடம்பு தேறவில்லை. டி.பி. நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதாலும், எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்ததாலும், அதன் பிறகு 80 சதவீதம் கொடுத்தார்கள். சான்றிதழுக்காகத் திரும்பத் திரும்ப வேலூர் பஸ் ஏறியது உடம்புக்குக் கஷ்டம்தான், ஆனால் ஒரு தேதிகூட விட்டுப்போக விடவில்லை. ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் "சொல்லாம நின்னுட்டா" என்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் வேலைக்குத் தகுதி என்று சான்றிதழ் வாங்கிப் போனேன். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். பேக்கிங்குக்குப் போகச் சொன்னார். என் வேலை தையல், சம்பளமும் அதற்குத்தான் என்றேன். நகலில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் போட்டுக் கொடுத்தார். லைனுக்குப் போனால் என் மெஷினில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் அவளை அடுத்த மெஷினுக்கு மாற்றினார். பக்கத்து சீட்டு அக்கா எதுவும் கேட்கவில்லை. டீ வந்தபோது தன் டம்ளரிலேயே பாதியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.