பெட்டியின் சாவி

மார்ச் 2
அப்பாவின் டெஸ்ட் ரிசல்ட் நாளைக்கு என்றார்கள்.

மார்ச் 3
நாளைக்கு என்றே சொல்கிறார்கள். அப்பா மூன்று தரம் கேட்டுவிட்டார்: "பெட்டியைப் பூட்டினியாம்மா?"

மார்ச் 5
இரவு முழுக்க அப்பா பேசிக்கொண்டே இருந்தார். எல்லாம் தமிழ் படித்த வெள்ளைக்கார அதிகாரி எல்லிஸ் துரையைப் பற்றித்தான். 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து, மசூலிப்பட்டினத்தில் நீதிபதியாக இருந்து, 1810-இல் சென்னைக் கலெக்டர் ஆனவர். 1818-இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது சென்னையில் 27 கிணறு வெட்டினார். ராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் குறளையே பொறித்து வைத்தார். அப்பா அதைச் சொல்லும்போது டிரிப்ஸ் ஏறும் கை தானாக உயர்ந்தது. "இருபுனலும் வாய்ந்த மலையும்..." என்றதும் இருமல் வந்துவிட்டது. மீதியை நான் சொன்னேன்.

வரி வசூலிக்க வந்த மனிதர் ஊர்க் கிணற்றில் வள்ளுவரை எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இது எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது.

மார்ச் 6
தூக்கம் இல்லை. காபி, மறுபடி காபி.

மார்ச் 8
எல்லிஸ் நாற்பது வயது வரை நூலாக எதையும் வெளியிடுவதில்லை என்று இருந்தாராம். தெலுங்கும் தமிழும் கன்னடமும் சமஸ்கிருதத்தில் பிறக்காத தனிக் குடும்பம் என்று 1816-இல் நிறுவியதுகூட, இன்னொருவரின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில்தான். கால்டுவெல் இதை நூலாக எழுத இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உட்கொண்டு இறந்துபோனார். நாற்பது தாண்டி ஓரிரு வருஷம்தான். அப்புறம் அவர் தாள்கள்! மதுரையில் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழியைத் தீயில் வாட்டவும் அவற்றை எடுத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். குறள் மொழிபெயர்ப்பில் ஒரு பகுதிதான் நமக்குக் கிடைத்தது.

அப்பாவுக்கு எழுபத்தொன்று. பெட்டியில் பதினான்கு நோட்டு. ஒரு பக்கம்கூட அச்சேறவில்லை. "இன்னும் கொஞ்சம் சரிபார்க்கணும்" என்பார். எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேலா, எல்லிஸ் மேலா, தெரியவில்லை.

மார்ச் 9
ரிசல்ட் வந்தது. டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

மார்ச் 10
வீட்டுக்குப் போய் பெட்டியைத் திறந்தேன். நாப்தலின் வாடை. மூன்றாவது நோட்டின் ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிக்கிறேன். எழுத்து பென்சிலில், மங்கல். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் நகர்ந்தேன்.

மார்ச் 11
ஐந்தாம் நோட்டு, 62-ஆம் பக்கம் வரை.